நான் சத்தமில்லாமல் திருத்திய இலக்கங்கள்

ஊர்காவற்றுறையில் எங்கள் தெருவில் யாருடைய போன் செத்தாலும் அது கடைக்குப் போவதற்கு முன் என்னிடம் வரும். வட்ஸ்அப்பில் சத்தம் கேட்கவில்லை, பிரான்சில் இருக்கிற மகளின் முகம் தெரியவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று மீன் மணக்கிற கைகளோடு வந்து நிற்பார்கள். நான் தகவல் தொழில்நுட்பம் படித்தவள். ஆனால் படிப்பைவிட, எந்தப் பொத்தானையும் யோசிக்காமல் அமத்திப் பார்க்கிற குணம்தான் எனக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்தது. விறுவிறென்று நாலு அமத்து, வேலை முடிந்தது, "இந்தாங்கோ மாமி." அதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது. இந்த வருடம் தை மாதத்தோடு அது அடங்கிப்போயிற்று.

அம்மாவுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. எனக்குப் பெரிய மாமா, சின்ன மாமா. இருவரும் ஒரே போட்டில் கடலுக்குப் போகிறவர்கள். போட் பெரிய மாமாவுடையது. அவர் முன்பக்கம் அணியத்தில் நின்று தண்ணீரின் நிறம் பார்ப்பார்; பின்னால் இருந்து இயந்திரத்தைப் பிடித்து ஓட்டுவது சின்ன மாமா. பெரியவர் சத்தக்காரர். கடற்கரையில் அவர் கூப்பிட்டால் காரைநகரில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்லுவா. சின்னவர் ஒருகாலத்தில் நன்றாகக் குடித்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு ஒரேயடியாக விட்டார். விட்ட பிறகு ஆள் இன்னும் மெதுவாகிவிட்டார். பேச்சும் மெதுவு, நடையும் மெதுவு.

அவர்களுடைய பழைய ஜிபிஎஸ் கருவி உப்புத் தண்ணீர் போய்ச் செத்துவிட்டது. பெரிய மாமாவின் மகன் வெளிநாட்டிலிருந்து புதிது ஒன்று அனுப்பினான். பழையதில் இருந்த இடங்களை, அது சாகுமுன்னே, பெரிய மாமா ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். பதினொரு இடங்கள். பத்து, வலை விடுகிற இடங்கள். பதினோராவது, நெடுந்தீவுப் பக்கம் தண்ணீருக்குள் நீளமாகக் கிடக்கிற கல்லுக்கு நடுவே ஒரு போட் போகக்கூடிய இடைவெளி. அதை இருவரும் 'வாசல்' என்பார்கள்.

"பிள்ளை, இதை எல்லாம் உதுக்குள்ள ஏத்தித் தா. பத்திரம். உதுதான் எங்கட சோறு," என்று கொப்பியைத் தந்தார் பெரிய மாமா.

"ஒரு மணித்தியாலம் காணும் மாமா."

"கொம்பியூட்டர் ராசாத்தி," என்று சிரித்துவிட்டுப் போனார்.

கொப்பியில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் மூன்று இலக்கங்கள்: 9, 32, 48 என்ற மாதிரி. இடையில் புள்ளி, கோடு ஒன்றுமில்லை. மூன்று இலக்கம் என்றால் பாகை, நிமிடம், செக்கன். புவியியல் படித்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கருவியை அந்த முறைக்கு மாற்றிவிட்டுத் தட்டத் தொடங்கினேன். மூன்றாவது இடத்தில் கருவி மறுத்தது. நான் போட்டது 76 செக்கன். அறுபதோடு அடுத்த நிமிடம் வந்துவிடுமே, எழுபத்தாறு எங்கே இருக்கிறது? கொப்பியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். பெரிய மாமாவின் கையெழுத்து அவரைப் போலவே முரட்டுத்தனமானது. ஏழு ஒன்றைப் போல இருந்தது. சரி, 16 என்று போட்டேன். கருவி ஏற்றுக்கொண்டது. பிறகு 82 வந்தது, எட்டு மூன்றைப் போல இருந்தது, 32 ஆக்கினேன். இப்படி ஐந்தாறு இடங்களில் கருவி என்னைத் தடுத்தது. ஐந்தாறு தரமும் மாமாவின் எழுத்தைத்தான் நான் குறை சொன்னேன். போய்க் கேட்டிருக்கலாம். அவருடைய வீடு எங்கள் வேலிக்கு அடுத்த வேலி. ஆனால் ஒரு மணித்தியாலம் என்று சொல்லியிருந்தேன். ஐம்பது நிமிடத்தில் முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் விடிகிற நேரம் பனி மூடியிருந்தது. தை, மாசியில் எங்கள் பக்கம் சில நாட்களில் தேவாலயக் கோபுரமே தெரியாது. அந்த மாதிரி நாளில் கருவியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். சின்ன மாமா கருவி காட்டிய வழியே வாசலுக்குள் போனார். அங்கே வாசல் இருக்கவில்லை. போட் கல்லில் ஏறியது. அணியத்தில் நின்ற பெரிய மாமா முன்னால் விழுந்தார். அவருடைய வலது கை போட்டின் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டது. வேறு போட்காரர்கள் சத்தம் கேட்டு வந்து இருவரையும் கரை சேர்த்தார்கள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். மூன்று விரல் போய்விட்டது. பெருவிரலும் சின்ன விரலும்தான் மிச்சம்.

அன்று எனக்கு வந்தது பயமில்லை, அழுகை. பயம் ஒன்பது நாள் கழித்து வந்தது.

பெரிய மாமா வீட்டுக்கு வந்த பிறகு, கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இடது கையால் கருவியை என்னிடம் நீட்டினார். சின்ன மாமா, தான் கருவி காட்டிய வழியேதான் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் நம்பவில்லை.

"உதுல ஏதும் பிழை கிடக்கோ எண்டு பார் பிள்ளை. பிழையில்லையெண்டா உவன் நித்திரை கொண்டிருக்கிறான். இல்லாட்டித் திரும்பத் துவங்கிட்டான்."

கருவியையும் கொப்பியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய கருவியின் மாதிரியை இணையத்தில் தேடிப் பார்த்தபோது விளங்கிவிட்டது. அது நிமிடத்துக்குப் பிறகு செக்கன் காட்டுகிற கருவியல்ல. நிமிடத்தைப் புள்ளி போட்டு நூறாகப் பிரித்துக் காட்டுவது. 32, 48 என்றால் முப்பத்திரண்டு புள்ளி நான்கு எட்டு நிமிடம். மாமா புள்ளியை எழுதவில்லை, நான் கேட்கவில்லை. அதனால்தான் எழுபத்தாறும் எண்பத்திரண்டும் வந்திருக்கின்றன. வாசலை நான் ஏறக்குறைய அறுநூறு மீற்றர் தள்ளிக் கல்லின்மேல் வைத்திருந்தேன்.

குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. எழும்பிப் போய் "அம்மா, நான்தான்" என்று சொல்ல எட்டு அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. கதிரையை இன்னும் மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு, கருவியின் முறையை மாற்றி, பதினொரு இடங்களையும் அழித்து, ஒவ்வொன்றாகச் சரியான இலக்கத்தைப் போட்டேன். இந்த முறை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஒவ்வொன்றையும் மூன்று தரம் சரிபார்த்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாக நான் செய்த வேலை வேறில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஒண்டும் பிழையில்லை மாமா," என்றேன்.

அவர் கருவியையும் கொப்பியையும் வாங்கி மடியில் வைத்தார். என் பின்னால் பார்த்தார். வேலிப் படலையடியில் சின்ன மாமா நின்றிருந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது.

"கேட்டியே?" என்றார் பெரிய மாமா. "படிச்ச பிள்ளை சொல்லுறாள். இனி இந்தப் படலைக்குள்ள கால் வைக்காதை."

சின்ன மாமா திரும்பிப் போனார். அதே மெதுவான நடைதான்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. சின்ன மாமா வேலணைப் பக்கம் ஒரு கடலட்டைப் பண்ணைக்கு வேலைக்குப் போனார். தெருவில் கதை தானாக வளர்ந்தது. அவர் வாயில் சாராயம் மணத்தது என்று ஒரு அக்கா சொன்னா. அன்று காலை அவரை அந்த அக்கா காணவேயில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். "அப்பிடியோ?" என்றும் ஒருமுறை கேட்டேன். அந்த 'அப்பிடியோ' இப்போதும் என் வாயில் உவர்க்கிறது.

தவக்காலம் தொடங்கியது. எங்கள் கோயிலில் யார் நன்மை எடுக்க எழும்புகிறார்கள், யார் எழும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நற்கருணையை நாங்கள் நன்மை என்றுதான் சொல்லுவோம். சின்ன மாமா எழும்புவதை நிறுத்திவிட்டார். ஆண்கள் பக்கத்துக் கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். நான் எழும்பினேன். எழும்பாவிட்டால் அம்மா ஏன் என்று கேட்பா. பொய்ச்சாட்சி சொன்ன அதே நாக்கை நீட்டி நன்மை வாங்கினேன். வாங்கிவிட்டுத் திரும்பி நடக்கும்போது, விழுந்துவிடுவேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் பயந்தேன். வாயில் வைத்தவுடன் இரத்தமாக மாறியது என்று சின்ன வயதில் கேட்ட கதைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. நான் கொம்பியூட்டர் படித்தவள். இருந்தாலும் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நாக்கைப் பார்த்தேன்.

போன் அடித்தால் பயம். பெரிய மாமா கருவியை இன்னொரு ஆளிடம் காட்டிவிட்டாரோ என்று பயம். எங்கள் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் "உங்களில் ஒருவர்" என்று தொடங்கினால் பயம். நல்ல வேளையாக அவர் கோயில் வளவில் வெறும் சாப்பாட்டுப் பெட்டியைக் குப்பையாக எறிந்துவிட்டுப் போகிற ஒருவரைப் பற்றிச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். என்னைத் தெரியாத ஒரு கோயிலில், என்னைத் தெரியாத ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"ஒரு பொய் சொன்னனான் ஃபாதர்."

"எத்தனை தரம்?"

"ஒருக்கா."

"வேறு?"

"வேறு இல்லை."

எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். அவர் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றையும் சொன்னேன். போதாது போலிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் கடல், நடுவில் தாம்போதிப் பாதை. நான் எண்ணாமல் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். வேலணையில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் இருந்து, "எங்க பிள்ளை, ஆஸ்பத்திரிக்கோ போயிட்டு வாறாய்? முகம் வெளிறிக் கிடக்கு," என்று கேட்டா. ஓம் என்று அவவுக்கும் ஒரு பொய் சொன்னேன்.

ஈஸ்ரரோடு முடிகிற பெரிய வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் எல்லோருக்கும் பாவசங்கீர்த்தனம். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனா. வரிசையில் நின்ற பிறகுதான் எனக்கு முன்னால் நிற்பது சின்ன மாமா என்று கண்டேன். விலக முடியவில்லை. பின்னால் அம்மா நின்றா.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என்மேல் அவருக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.

"கன நாளைக்குப் பிறகு வாறன் பிள்ளை," என்று மெதுவாகச் சொன்னார். "இண்டைக்குச் சொல்லிப்போடுவம் எண்டு. அந்த நித்திரையை."

"நித்திரை கொண்டனீங்களோ மாமா?" என்று கேட்டேன்.

"தெரியேல்லையடி. எனக்கு நினைவில்லை. முழிப்பாத்தான் இருந்தனான் போலக் கிடக்கு. ஆனா கொண்டிருப்பன். இல்லாட்டி எப்பிடி அந்தக் கல்லில ஏறும்? ஜிபிஎஸ்ஸும் சரியெண்டு நீயும் பாத்துச் சொன்னனி."

அவருடைய முறை வந்தது. திரைக்குள் போனார். நான் நின்ற இடத்தில் நின்றேன். உள்ளே முணுமுணுப்புக் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. என்னுடைய பாவத்தை என்னுடைய மாமா முழந்தாளில் நின்று, தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செய்யாததை ஞாபகப்படுத்திப் பார்த்து, ஞாபகம் வராததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போக வேண்டும்போல் இருந்தது; அம்மா பின்னால் இருந்து, "நேர நில்," என்று முதுகில் ஒரு குத்துக் குத்தினா.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "போ பிள்ளை. சுவாமி நல்லவர்."

உள்ளே போய் முழந்தாளில் இருந்தேன். இடையில் இருந்த மரக் கிராதிக்கு அப்பால் சுவாமியின் காதும் வெள்ளை மயிரும் தெரிந்தன. நான் வழக்கமான தொடக்க வார்த்தைகளை மறந்துபோனேன். இலக்கம், புள்ளி, செக்கன், கல், விரல், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் அதே கதையின் மறுபாதியைக் கேட்ட மனிதர் அவர். அவருடைய காது அசையவில்லை. கேட்டதைக் கேட்டதாகக் காட்டக்கூட அவருக்கு அனுமதியில்லை. அந்த நேரத்தில்தான் நான் அதிகம் பயந்தேன்.

பிறகு கேட்டார். "மனஸ்தாபம் இருக்கோ?"

"ஓம் ஃபாதர்," என்றேன் அவசரமாக. "பெரிய மனஸ்தாபம். ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறேல்லை. படலைக்குள்ளயே விடுறேல்லை."

கிராதிக்கு அப்பால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இருமலோ சிரிப்போ தெரியாது.

"நான் அவையின்ர மனஸ்தாபத்தைக் கேக்கேல்லை பிள்ளை. உம்மட மனஸ்தாபத்தைக் கேக்கிறன்."

எனக்கு முகம் எரிந்தது. புதுநன்மை வகுப்பிலேயே மனப்பாடம் செய்த சொல். பாவத்துக்காக மனம் வருந்துவது கோயிலில் மனஸ்தாபம். இரண்டு வீடு முகம் பாராமல் இருப்பது ஊரில் மனஸ்தாபம். இத்தனை வருடம் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்திருந்தேன். அந்தக் கிராதிக்கு முன்னால்தான் கண்டேன்: கோயில் மனஸ்தாபம் என்னிடம் இல்லாதபடியால்தான் ஊர் மனஸ்தாபம் அவர்களிடம் கிடக்கிறது.

"பயம்தான் ஃபாதர் இருக்கு," என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. "வருத்தமும் இருக்கு. ஆனா பயம்தான் கூட."

"காணும். பயத்தோடயே போம். பிடிபட்டிடுவன் எண்டு பயமெண்டா, நீராப் போய்ப் பிடிபடும்." கொஞ்சம் நிறுத்தினார். "பாவமன்னிப்பு நான் தாறன். அது ஆண்டவர் தாறது, அதில குறை வைக்க மாட்டன். ஆனா கெட்டுப்போன பெயரைத் திருப்பிக் குடுக்க என்னால ஏலாது. அது உம்மட வேலை. பெரிய வெள்ளிக்கு முன்னம்."

"ஓம் ஃபாதர்."

"உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லும். ஆறுதலாச் சொல்லும். நீர் எல்லாத்தையும் ஓடி ஓடிச் செய்யிற ஆள் போல."

வெளியே வந்தபோது பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அதுவரை பிடிபடுவேனோ என்று பயந்தேன். இனிமேல் நாள் குறித்த பயம். திங்கள் போகவில்லை. செவ்வாய் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலணை வரை போய், பண்ணையைக் கண்டதும் நிறுத்தாமல் தாண்டிப் போய், பெற்றோல் அடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். புதன்கிழமை பின்னேரம்தான் நிறுத்தினேன்.

சின்ன மாமா முழங்கால் தண்ணீரில் நின்று வேலி வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்னடி, ஆருக்கும் ஏதுமோ?" என்று கரைக்கு வந்தார். அவருக்கும் பயம் என் முகத்தைப் பார்த்து.

சொன்னேன். கோயிலில் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. இங்கே கிராதி இல்லை. முழு முகமும் தெரிந்தது. நான் இலக்கம், செக்கன் என்று விளக்கப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறு. பொறு. அப்ப நான் நித்திரை கொள்ளேல்லையோ?"

"இல்லை மாமா."

"மெய்யாவோ?"

"மெய்யா. நீங்கள் கருவி காட்டின இடத்துக்குத்தான் போனீங்கள். கருவியில நான் போட்டதுதான் பிழை. பிறகு திருத்திப்போட்டு, பொய்யும் சொன்னனான்."

"அப்ப நான் முழிச்சுத்தான் இருந்தனான்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னார். கரையில் குந்தினார். ஈரக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அடிப்பார், ஏசுவார், போ என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து தயாராகித்தான் வந்திருந்தேன். இதற்குத் தயாராகவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா."

"ஆ? ஓம், ஓம்," என்றார், ஏதோ தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அவர் மனம் இன்னும் அந்த நித்திரையிலேயே நின்றது. "ரெண்டு மாதமாப் படுக்கேக்கை கண்ணை மூடப் பயமடி எனக்கு. எப்ப நித்திரை வருகுது, எப்ப வரேல்லை எண்டு எனக்கே தெரியாத ஆள் எண்டு நினைச்சனான்." பிறகு எழும்பினார். நனைந்த சாரத்தின் நுனியைப் பிழிந்தார். "நட. அண்ணையிட்டைப் போவம்."

"இப்பவோ?"

"பின்ன?"

"மாமா, எனக்குப் பயமாக் கிடக்கு."

"கிடக்கட்டும். ஸ்கூட்டியை நான் ஓட்டவோ, நீ ஓட்டுறியோ?"

பெரிய மாமா வீட்டு வாசலில் கதிரை போட்டிருந்தார். இடது கையால் வலையில் முடிச்சுப்போடப் பழகிக்கொண்டிருந்தார். வலது கையின் இரண்டு விரலும் நூலைப் பிடித்திருந்தன. படலை திறந்த சத்தத்துக்கு நிமிர்ந்தார். தம்பியைக் கண்டதும் முகம் இறுகியது.

"என்ன, சோடியா வாறியள்? சிபாரிசுக்கு ஆள் பிடிச்சனியோ?"

சின்ன மாமா படலைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே நான் மட்டும் போனேன். சொன்னேன். மூன்றாவது தரம் சொல்வதால் இலகுவாகும் என்று நினைத்திருந்தேன், இலகுவாகவில்லை. சொல்லி முடிந்ததும் அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் சத்தமே போடவில்லை.

"நான் உன்னைக் கேட்டனான் எல்லே?"

"ஓம்."

"என்னெண்டு சொன்னனி?"

"பிழையில்லை எண்டு."

"அண்டைக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

"ஒண்டும் பிழையில்லை மாமா," என்றேன். அந்தப் பொய்யை அவர் முகத்துக்கு முன்னால் திரும்பச் சொன்னது, முதல் தரம் சொன்னதைவிடப் பயங்கரமாக இருந்தது. அவர் எழும்பினார். இரண்டு விரல் கை மேலே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அந்தக் கையால் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்து நின்றார்.

"நீ குடிக்கேல்லை."

"இல்லை அண்ணை."

"நித்திரையும் கொள்ளேல்லை."

"இல்லை அண்ணை."

பெரிய மாமி குசினியிலிருந்து அகப்பையோடு வந்து, "நான் அண்டைக்கே சொன்னனான், என்ர சொல்லை ஆர் கேக்கினம்," என்று அழத் தொடங்கினா. "நீ சும்மா கிட," என்று மாமா அதட்டினார். அந்த அதட்டல் பாதியில் உடைந்தது. கதிரையில் இருந்து, கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, வாசலின் இலக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"புள்ளி போட்டிருக்க வேணும்," என்றார் கடைசியில். எனக்குச் சொன்னாரோ, தனக்குச் சொன்னாரோ. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு ரெண்டு பேரும் வாங்கோ. போட்டுக்கு."

"நானுமோ?"

"நீதானே போட்டனி இலக்கம். நீயே வந்து காட்டு."

அம்மா வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. "அண்ணை, உங்களுக்கு விசரோ? பொம்பிளைப் பிள்ளை, நீந்தவும் தெரியாது!"

"எனக்கும் இப்ப ஒரு கைதான். வரட்டும்."

அம்மாவுக்கும் அன்றுதான் எல்லாம் தெரிந்தது. அவ என்னைத் திட்டவில்லை. சாப்பாடு போட்டுத் தந்தா, பக்கத்தில் இருக்கவில்லை.

பெரிய வியாழன் காலை. கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள்: இரண்டு மாதமாக முகம் பாராத இருவரும், நடுவில் பாதுகாப்பு அங்கியோடு நானும். பெரிய மாமா போட்டைக் கையால் தட்டி, "மெஷினை நீ பிடி," என்று தம்பிக்குச் சொன்னார். அவ்வளவுதான். சின்ன மாமா கரையில் நின்றவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினார்.

வானம் வெளித்திருந்தது. நெடுந்தீவு தட்டையான ஒரு கோடாகத் தெரிந்தது. கல் இருக்கிற இடம் கிட்டியபோது பெரிய மாமா அணியத்தில் நிற்கவில்லை. முன் பலகையில், கல்லுக்கு முதுகு காட்டி, எங்களைப் பார்த்தபடி இருந்தார். கீழே விழுந்தால் பிடிக்க அவருக்கு நல்ல கை ஒன்றுதான்; அதையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா, முன்னுக்குப் பாருங்கோ," என்றேன்.

"உன்னைத்தான் பாக்கிறன்."

கருவியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். வாசலுக்கு இருநூறு மீற்றர் என்று காட்டியது. மூன்று தரம் சரிபார்த்த இலக்கம்தான். ஆனால் சரிபார்த்தவளை எனக்குத் தெரியும். தண்ணீர் நீலத்திலிருந்து பச்சையாகி, பச்சைக்குள் கபில நிறமாக ஏதோ கிடந்தது. வேகம் குறைந்தது.

"எந்தப் பக்கம் பிள்ளை?" பின்னாலிருந்து சின்ன மாமா கேட்டார். கண்ணால் பார்த்தே போகத் தெரிந்தவர், கேட்டார்.

"கொஞ்சம் இடது," என்றேன். "இன்னும் கொஞ்சம். ஆ, காணும். நேர."

வலது பக்கம் கல் தண்ணீருக்குள் கரிய முதுகுபோலக் கடந்து போனது. கை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. இடது பக்கத்திலும் ஒன்று. போட்டின் அடியில் சத்தம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. தண்ணீர் திரும்ப நீலமாகியது.

பெரிய மாமா அப்போதுதான் என்மேல் இருந்த கண்ணை எடுத்து, தாண்டி வந்த இடத்தைப் பார்த்தார். மடியிலிருந்த கொப்பியைத் திறந்து, இரண்டு விரலால் பென்சிலைப் பிடித்து, பதினோராவது இடத்தின் இரண்டு வரியிலும் ஒவ்வொரு புள்ளி போட்டார். போட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஒண்டு சரி," என்றார். "இன்னும் பத்துக் கிடக்கு. ஈஸ்ரர் முடிய வா."